மாடிப்படி அளவு சரிவு போதும், பனிச்சரிவுக்கு! இமயமலை வின்டர் ட்ரெக் கிளம்பும் தாம்பரம்வாசிகளே, ஒரு நிமிஷம்...

"மச்சி, டிசம்பர் கடைசி வாரம் லீவு போடு. கேதார்காந்தா போறோம். ஸ்நோ பாக்குறோம்!"

மெப்ஸ் பக்கத்து டீக்கடையிலோ, சேலையூர் கேம்ப் ரோட்டு ஜிம்மிலோ, காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பிலோ இந்த அழைப்பு உங்களுக்கும் வந்திருக்கும். மீனம்பாக்கம் ஏர்போர்ட் பக்கத்திலேயே இருக்கிறது. டேராடூனுக்கு டிக்கெட், அங்கிருந்து வண்டி, வாடகைக்கு ஜாக்கெட்... ஒரே வாரத்தில் பனிமலை பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

தாராளமாகப் போங்கள். ஆனால், கடலோரச் சமவெளியில் வளர்ந்த நமக்கு அந்த மலையைப் பற்றி யாரும் சொல்லித் தராத விஷயம் ஒன்று இருக்கிறது. அது பனிச்சரிவு. எப்படி நடக்கிறது, எங்கே நடக்கிறது, எப்படித் தப்பிப்பது என்று கிளம்பும் முன்பே தெரிந்துகொண்டால், "போலாமா, திரும்பலாமா" என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அது கைகொடுக்கும்.

நம்ம ஊர் 'பனி' வேற!

தமிழில் பனி என்றால் எல்லாமே பனிதான். மார்கழிக் காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டை மறைக்கும் மூடுபனியும் பனி, புல் மேல் நிற்கும் துளியும் பனி, இமயமலையில் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடப்பதும் பனி. அதனால்தானோ என்னவோ, 'பனி' என்றதும் நமக்கு ஆபத்து நினைவுக்கு வருவதில்லை. மஃப்ளரும் சூடான டீயும்தான் நினைவுக்கு வருகின்றன.

ஊட்டிப் பக்கம் 'அவலாஞ்சி' ஏரிக்குப் போயிருப்பீர்கள். அந்த ஊருக்கு அந்தப் பேர் வந்ததற்குப் பனி காரணமில்லை. 1800-களின் தொடக்கத்தில் அங்கே நடந்த பெரிய மண்சரிவைப் பார்த்து ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் அது. நீலகிரியில் சரிவது மண். இமயமலையில் மண்ணோடு சேர்த்து பனியும் சரியும். விதி ஒன்றுதான்: சரிவில் தங்கியிருக்கும் பாரம், அதைத் தாங்கும் பிடிமானத்தை மிஞ்சும்போது எல்லாம் கீழே வரும்.

சப்பாத்தியும் ரவையும்: ஒரு கிச்சன் சோதனை

ஒரு தட்டில் ரவையைப் பரவலாகத் தூவுங்கள். அதன் மேல் ஒரு காய்ந்த சப்பாத்தியை வையுங்கள். தட்டை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டம் வரை ஒன்றும் ஆகாது. அப்புறம் சப்பாத்தி மொத்தமாக, ஒரே துண்டாக வழுக்கிக்கொண்டு வரும்.

ஆட்களைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன.  ஒரு சீஸன் முழுக்க விழும் பனி அடுக்கு அடுக்காகப் படிகிறது. நடுவில் சில அடுக்குகள் சர்க்கரை மாதிரி, ரவை மாதிரி ஒட்டாத படிகங்களாக மாறிவிடும். அதற்கு மேல் புதுப்பனியோ, காற்று அடித்துக்கொண்டு வந்து இறுக்கிய பனியோ பலகை மாதிரி உட்காரும். மேலே இறுக்கமான பலகை, கீழே பிடிமானம் இல்லாத ரவை. இந்த அமைப்புக்குத் தேவை ஒரு சின்ன அழுத்தம் மட்டுமே. ஒரு ஆள் கால் வைத்தாலே போதும்.

அதிர்ச்சியான தகவல் ஒன்று. மலையேறிகளும் பனிச்சறுக்கு வீரர்களும் சிக்கி இறக்கும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பதை, அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான் தூண்டிவிடுகிறார்கள். 'மலை திடீரென்று இடிந்து விழுந்தது' என்று நாம் நினைப்பது சினிமாவில்தான் அதிகம். சினிமாவில் வருவது மாதிரி கத்தினால் பனிச்சரிவு வராது. கால் வைத்தால் வரும்.

எவ்வளவு செங்குத்தா இருக்கணும்?

உங்கள் வீட்டு மாடிப்படியைப் பாருங்கள். சாதாரண மாடிப்படியின் சாய்வு சுமார் 30 முதல் 35 டிகிரி. பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் நடப்பது 30 முதல் 45 டிகிரி சரிவுகளில். அதிலும் 38 டிகிரியை ஒட்டியவை மிக ஆபத்தானவை. ரொம்பச் செங்குத்தான பாறைகளில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். ரொம்பத் தட்டையான இடத்தில் வழுக்காது. நடக்க வசதியாக, ரீல்ஸ் எடுக்க அழகாக, 'இது ஓகேதான்' என்று தோன்றும் சரிவுதான் பிரச்னை.

உங்கள் போனிலேயே சாய்வை அளக்கும் ஆப் இருக்கிறது. வீட்டு மாடிப்படியின் கைப்பிடி மேல் போனை வைத்து இப்போதே ஒருமுறை அளந்து பாருங்கள். அந்தக் கோணம் கண்ணில் பதிந்துவிட்டால், மலையில் ஒரு சரிவைப் பார்த்ததும் "இது நம்ம வீட்டுப் படியைவிடச் செங்குத்தா இருக்கே" என்று மனசு தானாகச் சொல்லும்.

இன்னொன்று. நீங்கள் நிற்கும் இடம் தட்டையாக இருந்தால் மட்டும் போதாது. தலைக்கு மேலே உள்ள சரிவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெரிய பனிச்சரிவு மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல் வேகத்தில் இறங்கி, அடிவாரச் சமதளத்தையும் தாண்டி ஓடும். ஓடை, பள்ளம், குறுகலான கணவாய் போன்ற இடங்களில் சின்ன சரிவு வந்தாலும் பனி ஆழமாகக் குவிந்து ஆளை மூடிவிடும்.

மழை நின்னுடுச்சு, ஆபத்து நிக்கல

முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2015 டிசம்பர் 1-2 தேதிகளில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. மழை விட்டதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

பனியும் அப்படித்தான். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தச் சலனங்கள் இமயமலையில் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் வானம் நீலமாகப் பளிச்சென்று இருக்கும். போட்டோவுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. ஆனால், பனிச்சரிவுக்கும் அதுதான் மோசமான நேரம். பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு முதல் 24 முதல் 48 மணி நேரம் கூடுதல் கவனம் தேவை. ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் புதுப்பனி விழுந்திருந்தால், செங்குத்துச் சரிவுகளை மறந்துவிடுங்கள்.

நான்கு சம்பவங்கள், நான்கு பாடங்கள்

சியாச்சின், 2016 பிப்ரவரி 3: சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாமை பனிச்சரிவு மூடியது. அங்கே இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்; வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கர்நாடகாவைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் பல நாள்களுக்குப் பிறகு உயிருடன் மீட்கப்பட்டார். நாடே பிரார்த்தனை செய்தது. பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு 'பல நாள் உள்ளே இருந்தாலும் பிழைக்கலாம்' என்று நினைத்தால், அது தவறான பாடம். அவ்வளவு நேரம் உயிர் தங்கியது அபூர்வத்திலும் அபூர்வம்.

திரௌபதி கா டண்டா, 2022 அக்டோபர் 4: உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு, சிகரத்துக்கு அருகே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் ஒருவர் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்ட், மகாலு என இரண்டு சிகரங்களையும் 16 நாள்களுக்குள் ஏறி முடித்திருந்தார். பனிக்கு அனுபவசாலி, புதுசு என்ற பேதம் தெரியாது. 'கைடு கூட இருக்காரு, ஒண்ணும் ஆகாது' என்பது காப்பீடு இல்லை.

நாதுலா சாலை, சிக்கிம், 2023 ஏப்ரல் 4: இது ட்ரெக்கிங்கே இல்லை. கேங்டாக்கில் இருந்து நாதுலா போகும் சாலையில், காரில் வந்து இறங்கி பனியில் விளையாடிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் சரிவு விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். 13-வது மைல் வரை போகத்தான் அனுமதி; விபத்து நடந்தது 15-வது மைலில். அனுமதிச்சீட்டில் ஒரு எல்லை போட்டிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மானா, உத்தராகண்ட், 2025 பிப்ரவரி 28: பத்ரிநாத்துக்கு அருகே, எல்லைச் சாலை அமைப்பின் முகாமில் தங்கியிருந்த 54 தொழிலாளர்களைப் பனிச்சரிவு மூடியது. 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். சமோலி உள்ளிட்ட மாவட்டங்களின் உயரமான பகுதிகளுக்கு முந்தின நாள் மாலையே பனிச்சரிவு எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை என்று ஒன்று வருகிறது. அதைப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

எச்சரிக்கையை எங்கே பார்ப்பது?

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் 'ஆரஞ்சு அலர்ட்டா, ரெட் அலர்ட்டா' என்று பார்த்துவிட்டுத்தானே வேளச்சேரி பக்கம் வண்டியை எடுக்கிறோம்? அதே பழக்கத்தை மலைக்கும் கொண்டு போங்கள்.

* வானிலை: இந்திய வானிலை ஆய்வு மையத்தின் டேராடூன், சிம்லா, ஸ்ரீநகர் மையங்கள் மாவட்டவாரியாக முன்னறிவிப்பு தருகின்றன. நீங்கள் போகும் மாவட்டத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கேதார்காந்தா என்றால் உத்தரகாசி மாவட்டம்.
* பனிச்சரிவு: சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம், இமயமலை மாநிலங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. மாவட்ட நிர்வாகமும் உள்ளூர்ச் செய்திகளும் அதை அறிவிக்கும்.
* உள்ளூர்க்காரர்கள்: கிராமத்துப் பெரியவர், குதிரைக்காரர், டீக்கடைக்காரர் என யாரிடமாவது "இந்த வாரம் எங்கயாவது சரிஞ்சுதா?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த ஆப்புக்கும் தெரியாது.

வெளிநாடுகளில் பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை எண் போட்டுச் சொல்வார்கள். 5 என்றால் யாரும் வெளியே போக மாட்டார்கள். அதிக உயிரிழப்பு நடக்கும் நிலைகளில் முக்கியமானது நடுவில் உள்ள 3. 'நடுவுலதானே இருக்கு' என்று துணிந்து கிளம்பிவிடுகிறார்கள்.

மலை கொடுக்கும் சிக்னல்கள்

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே ட்ரெக் லீடரிடம் சொல்லுங்கள். 'கிண்டல் பண்ணுவாங்களோ' என்று கூச்சப்படாதீர்கள்.

* பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம். இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறில்லை.
* கால் வைக்கும்போது 'தொம்' என்று அடியில் ஏதோ அமுங்கும் சத்தம். உள்ளே இருக்கும் 'ரவை அடுக்கு' உடைகிறது என்று அர்த்தம்.
* காலடியில் இருந்து கண்ணாடி விரிசல் மாதிரி பனியில் ஓடும் கீறல்.
* பலத்த காற்று, முகட்டிலிருந்து கொடி மாதிரி பறக்கும் பனித்தூள். காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவிக்கிறது. அந்த மறுபக்கம் ஆபத்து.
* திடீரென்று வெயில் ஏறி, பனி ஈரமாகி, சின்னச் சின்ன உருண்டைகளாக உருண்டு வருவது. அல்லது பனி மேல் மழை பெய்வது.

முகட்டில் நடக்கும்போது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனி விளிம்பின் மேல் ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள். அது கூரையில்லாத சன்ஷேடு மாதிரி. கீழே தாங்க ஒன்றுமில்லை.

சரிவைக் கடந்தே ஆகணும்னா?

சந்தேகமான சரிவைச் சுற்றிப் போக முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அடர்ந்த காடு, முகட்டுப் பாதை, சாய்வு குறைந்த வழி இருந்தால் நேரம் அதிகமானாலும் அதுவே நல்லது. வேறு வழியே இல்லையென்றால்:

1. அதிகாலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏற பனி இளகும்.
2. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று, போகிறவர் மேல் கண் வைத்திருக்க வேண்டும். கூட்டமாக நடந்தால் சரிவில் பாரமும் கூடும், விபத்து நடந்தால் காப்பாற்ற ஆளும் இருக்காது.
3. ட்ரெக்கிங் கம்பின் வாரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். சரிவில் சிக்கினால் கம்பு உங்களைக் கீழே இழுக்கும்.
4. நடுவில் நின்று போட்டோ கூடாது. ரீல்ஸ் அந்தப் பக்கம் போய்.

சிக்கிக்கொண்டால்: அந்தப் பத்து நிமிஷம்

பனிக்குள் புதைந்தவர்கள் இறப்பதற்கு முதல் காரணம் குளிர் இல்லை, மூச்சுத்திணறல். பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர், ராணுவம், மீட்புக்குழு என்று யார் வந்தாலும் அதற்குள் நேரம் ஓடியிருக்கும். காப்பாற்றக்கூடியவர்கள் பக்கத்தில் நிற்கும் நண்பர்கள் மட்டும்தான்.

சிக்கியவர்: உடனே கத்தி மற்றவர்களின் கவனத்தை இழுங்கள். பக்கவாட்டில் வெளியேறப் பாருங்கள். மேற்பரப்பிலேயே இருக்கக் கை கால்களை அடித்துப் போராடுங்கள். வேகம் குறையும்போது ஒரு கையை முகத்துக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். முடிந்தால் மறு கையை மேலே நீட்டுங்கள். நின்ற பிறகு பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. ஆகவே நிற்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

நண்பர்கள்: அவர் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். இன்னொரு சரிவு வருமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். அந்த இடத்துக்குக் கீழ்ப்பக்கமாகத் தேடுங்கள். கையுறை, தொப்பி, பை ஏதாவது தெரிகிறதா பாருங்கள். எல்லோரும் உதவி தேடி ஓடக் கூடாது. ஒருவர் 112-க்கு முயற்சி செய்ய, மற்றவர்கள் தேட வேண்டும். கண்டுபிடித்தால் நேர் மேலிருந்து தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள். முதலில் முகம், அப்புறம் மார்பு. வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை அகற்றுங்கள். மூச்சு இல்லையென்றால் செயற்கைச் சுவாசத்துடன் சி.பி.ஆர். சி.பி.ஆர். கற்றுக்கொள்ள இமயமலை போக வேண்டாம். ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் நம்ம ஊரிலேயே கற்றுக்கொள்ளலாம்.

மூன்று கருவிகள்

பனிச்சரிவுப் பகுதிக்குள் போகிறவர்கள் உலகம் முழுக்க மூன்றை வைத்திருப்பார்கள். உடம்போடு கட்டிக்கொள்ளும் ட்ரான்ஸீவர். அது 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும், நண்பரின் கருவி அதைப் பிடித்து இடத்தைக் காட்டும். அடுத்து, பனிக்குள் குத்தித் தேடும் நீளமான மடக்குக் கம்பி. கடைசியாக உலோக மண்வாரி. மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். ஒரு மீட்டர் ஆழத்தில் புதைந்தவரை எடுக்கவே ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும். வெறும் கையால் முடியாது.

போனும் பவர் பேங்க்கும் ட்ரான்ஸீவரைக் குழப்பும். சாதாரணமாக 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் வையுங்கள். குளிரில் போன் பேட்டரி மளமளவென்று இறங்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

வெளிநாட்டு யூடியூபர்கள் சாட்டிலைட் போன் வாங்கச் சொல்வார்கள். இந்தியாவில் அரசு அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது சட்டவிரோதம். கைது வரை போகும்.

நம்ம பட்ஜெட் ட்ரெக்குகளில் இந்த மூன்று கருவிகளும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்படியென்றால் முடிவு எளிது. கருவியும் பயிற்சியும் இல்லாதவர்களுக்கு ஏற்றது, பனிச்சரிவு வாய்ப்பு குறைந்த பாதையும் அமைதியான வானிலையும்தான்.

பனிச்சரிவு மட்டுமா?

குளிரும் உயரமும் சத்தமில்லாமல் ஆளை அடிக்கும். 2024 ஜூன் மாதம், உத்தராகண்டின் சஹஸ்திர தாலில் பனிப்புயலில் சிக்கி, கர்நாடகாவிலிருந்து போன ட்ரெக்கர்களில் 9 பேர் இறந்தார்கள். ஜூன் மாதத்தில்!

* காட்டன் வேண்டாம்: டி-ஷர்ட், ஜீன்ஸ் வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட் என மூன்று அடுக்காகப் போடுங்கள்.
* குழறல், தடுமாற்றம்: கூட வருபவர் வாய் குழறினால், தடுமாறினால், எரிச்சல்பட்டால், 'டயர்டு' என்று விட்டுவிடாதீர்கள். உடல் வெப்பம் இறங்குவதன் அறிகுறி அது. ஈர உடையை மாற்றி, காற்றிலிருந்து மறைத்து, சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். சரக்கு குளிருக்கு நல்லது என்பது கட்டுக்கதை. அது உடம்புச் சூட்டை வேகமாக வெளியேற்றும்.
* மரத்துப்போன விரல்: தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். அக்குளில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள்.
* தலைவலி, வாந்தி: 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். ஜிம் பாடிக்கு விதிவிலக்கு இல்லை. தாம்பரம் கடல் மட்டத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரம்தான்; கேதார்காந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். அறிகுறி இருந்தால் மேலே ஏறக் கூடாது. கூடினால் இரவானாலும் கீழே இறங்க வேண்டும். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு மட்டும் எடுங்கள்.
* கண்ணாடி: பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும். நல்ல புற ஊதா பாதுகாப்புள்ள கூலிங்கிளாஸ் அவசியம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

"என்ன ரேட்டு, டென்ட்டுல சார்ஜிங் இருக்கா?" என்பதோடு நிறுத்தாதீர்கள்.

1. ட்ரெக் லீடர் எந்த மலையேற்ற நிலையத்தில் பயிற்சி எடுத்தவர்? முதலுதவிச் சான்றிதழ் உண்டா?
2. எத்தனை பேருக்கு ஒரு கைடு?
3. பாதையில் பனிச்சரிவு வாய்ப்புள்ள இடங்கள் எவை? அன்றைக்கு நிலைமை சரியில்லையென்றால் மாற்றுப் பாதை என்ன?
4. ஆக்சிஜன் சிலிண்டர், ஸ்ட்ரெச்சர், வயர்லெஸ் இருக்கிறதா?
5. வனத்துறை அனுமதி எடுத்தாயிற்றா? எந்த இடம் வரை?
6. வானிலை காரணமாகத் திரும்பினால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், கேரன்டியா உச்சிக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்று பதில் வந்தால், அந்த ஆளிடம் போகாதீர்கள். மலையில் உச்சிக்கு யாரும் கேரன்டி தர முடியாது.

இன்ஷூரன்ஸ் எடுக்கிறீர்களா? 'சாகச விளையாட்டு' விலக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லுபடியாகும் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மனசு வைக்கும் பொறி

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கம்மன், 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை அலசி 2004-ல் கட்டுரை வெளியிட்டார். ஆபத்துக்கான அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தும் பலர் உள்ளே போயிருந்தார்கள். அவர்களை இழுத்துப்போன எண்ணங்கள் நமக்கும் பழகியவைதான்:

* "போன வருஷமும் வந்தேன், ஒண்ணும் ஆகல."
* "முன்னாடி போன குரூப்போட கால்தடம் இருக்கே."
* "லீடருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"
* "இவ்ளோ தூரம் வந்தாச்சு. லீவு போட்டு, வீட்ல சண்டை போட்டு வந்திருக்கேன். உச்சியைத் தொடாம எப்படித் திரும்பறது?"

நாலாவதுதான் தாம்பரத்திலிருந்து போகிற நமக்குப் பெரிய பொறி. ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து வந்துவிட்டுத் திரும்ப மனசு வராது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. முடிவை மலையில் எடுக்காதீர்கள், வீட்டிலேயே எடுங்கள். "காலை 9 மணிக்குள் உச்சிக்குப் போகவில்லையென்றால் திரும்புவோம், முந்தின நாள் பெரிய பனி விழுந்திருந்தால் ஏற மாட்டோம், குரூப்பில் ஒருத்தர் 'வேணாம்'னு சொன்னாலும் எல்லோரும் திரும்புவோம்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதி பின் பண்ணி வையுங்கள். 'வேணாம்' என்று சொன்னவரை அன்றைக்கு மட்டுமில்லை, ஊருக்கு வந்த பிறகும் கலாய்க்கக் கூடாது. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி நம்ம ஏரியாவிலேயே!

கிளம்புவதற்கு எட்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். வாரம் நாலு நாள் 5 கி.மீ. ஓட்டமோ வேக நடையோ. வார இறுதியில் திருநீர்மலைக் கோயில் படிகள், முதுகில் தண்ணீர் பாட்டில் நிரப்பிய பையோடு பலமுறை ஏறி இறங்குங்கள். அபார்ட்மென்ட்டில் லிஃப்ட்டை மறந்துவிடுங்கள். இறங்குவதற்கும் சேர்த்துப் பயிற்சி எடுங்கள். முட்டி வலிப்பது இறங்கும்போதுதான்.

அடுத்து நம்ம மாநில மலைகள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ சென்னையிலிருந்து போனவர்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோரைப் பறித்தது. பனியோ தீயோ, பருவம் தெரியாமல் மலைக்குப் போகக் கூடாது என்பதுதான் அது சொல்வது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை, 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை ஆன்லைன் பதிவுடன், வழிகாட்டிகளுடன் திறந்தது. இமயமலைக்கு முன் அதில் இரண்டு மூன்று போய்வாருங்கள்.

மலை உங்களை முழுசாகப் பிடித்துக்கொண்டால், உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி, பஹல்காமில் உள்ள அரசு மலையேற்ற நிலையங்களில் சுமார் நான்கு வார அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. பனியில் நடப்பது, கயிறு, மீட்பு எல்லாம் கற்றுத்தருவார்கள்.

கிளம்பும் முன், வீட்டில்...

"ஆபீஸ் டூர்மா" என்று பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு தாளில் இவற்றை எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுங்கள்: எந்த மாவட்டம், எந்தப் பாதை, அழைத்துப்போகும் நிறுவனத்தின் எண், கூட வருபவர்களின் வீட்டு எண், சிக்னல் இல்லாமல் போகும் நாள்கள், கீழே இறங்கி போன் பண்ணும் நாள், அதைத் தாண்டி எத்தனை மணி நேரம் காத்திருந்து யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம்.

மலையில் ஒரு விபத்துச் செய்தி டி.வி.யில் ஓடும்போது, பெருங்களத்தூரில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு 'நம்ம பையன் அந்தப் பக்கம் இல்லை' என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு தாள் போதும். அந்தப் பக்கம்தான் என்றால், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அப்பா தேடிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.

உச்சி இந்த வருஷம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். டிக்கெட் போட்டாச்சா? அப்படியே எழுந்து போய் மாடிப்படியை அளந்து பாருங்கள்.